இப்படிக்குக்குக் கீழே

கத்தாத நிரல்தான் நல்ல நிரல் என்று டைட்டஸ் சார் சொல்லும்போதெல்லாம் இருளாயிக்கு உள்ளங்கை அரிக்கும்.

அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடுவே நின்ற அந்தத் தரைநிலையத்துக்கு நிலவிலிருந்து வரும் மின்னஞ்சல் ஒன்றுகூட முழுசாக வந்ததில்லை. வழியில் சூரியக் காற்று பாதியைத் தின்றுவிடும், மீதி கந்தலாக வந்து விழும். அந்தக் கந்தலை எடுத்து, முகவரி எது, தேதி எது, விஷயம் எது என்று பிரித்து, கிழிந்த இடத்தை ஊகத்தால் ஒட்டுப்போட்டு, புதுக் கடிதமாகக் கோர்த்து வீடுகளுக்கு அனுப்புவது ‘மடல்’ என்ற நிரல் தொகுப்பின் வேலை. பிரிக்கும் பாதிக்குப் பிரிப்பான் என்று பெயர், கோர்க்கும் பாதிக்குக் கோர்ப்பான். கடிதம் எத்தனை கோணலாக வந்தாலும் பிரிப்பான் நிற்காது. கோணலைக் ‘குறை’ என்று ஓரமாக ஒரு பட்டியலில் எழுதிவைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலை எவரும் படிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டைட்டஸ் சார் அவள் மேஜைக்கு வந்தார்.

“இருளாயி, மடலோட நாலாம் பதிப்பு இன்னைக்கு ஏறணும். அந்த ‘மிச்சம்’ பெட்டியத் தூக்கிரும்மா. சும்மா இடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்குல்லா.”

“சரி சார்.”

மிச்சம் பெட்டியை வைத்தவளே அவள்தான். மூன்று வருடம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதிய விதி அது: ‘இப்படிக்கு’ என்று வந்தால் கடிதம் முடிந்தது, அதற்குக் கீழே இருப்பது குப்பை. பெயர், பதவி, ‘இந்த மின்னஞ்சல் ரகசியமானது’ என்ற எச்சரிக்கை, இந்த வகையறா. பிரிப்பான் அதை வெட்டி மிச்சம் பெட்டியில் போடும், முப்பது நாள் கழித்து அழித்துவிடும். கோர்ப்பான் தன் கையில் இருக்கும் பெயரை ஒட்டிக் கடிதத்தை முடிக்கும். படித்தவர்கள் எழுதும் மின்னஞ்சலெல்லாம் அப்படித்தான் இருந்தது. அவளும் படித்தவள் ஆகியிருந்தாள். வம்சத்திலேயே முதல் பட்டம். ‘சுத்தமான கை’ என்று முதல் வாரமே பெயர் வாங்கிவிட்டாள்.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தவள், எடுத்தாள். எதையும் தூக்கிப்போடும் முன் எடை பார்ப்பது அவள் அம்மாவின் பழக்கம். பரமக்குடியில் பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்கி விற்கிறவள் அம்மா. எடை பார்க்காமல் எதுவும் அவள் கையை விட்டுப் போனதில்லை. மகளுக்கும் அது தொற்றியிருந்தது.

ஒரு கடிதத்தின் மிச்சம் நாற்பது ஐம்பது எழுத்து இருக்க வேண்டும். கடந்த முப்பது நாளில் நிலவிலிருந்து இறங்கியவை எண்ணூற்று நாற்பத்தெட்டு கடிதங்கள். அதில் எண்ணூற்றுப் பதினொன்றின் மிச்சம் ஆயிரம் எழுத்தைத் தொட்டிருந்தது. சிலவற்றில் கடிதத்தைவிட மிச்சம் பெரிசு.

“யோவ்!” என்றாள் இருளாயி, உரக்க.

பக்கத்து மேஜையில் பாத்திமுத்து திரும்பினாள். காயல்பட்டினத்துக்காரி. நிலவுக்குக் கடிதம் ஏற்றுவது அவள் பொறுப்பு. “யார புள்ள யோவ்ங்கற? இங்க நம்ம ரெண்டு பேரும் கம்ப்யூட்டரும்தான் இருக்கோம்.”

“அதத்தான் சொன்னேன்.”

நிலவின் தென்முனையில் பனிப்பாறையைக் குடைந்து தண்ணீர் எடுக்கும் சுரங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி, திருச்சுழி என்று எல்லாமே மழை பொய்த்த ஊர்க்காரர்கள். ‘தண்ணியில்லாத ஊர்க்காரனத்தான் தண்ணி தோண்டக் கூப்புடுறாங்க, கிறுக்குப் பயலுக’ என்று சிரித்துக்கொண்டே போனவன் அவள் அண்ணன் வழிவிட்டான். அவன் பத்தாவதோடு நின்றதற்கும், அவள் பொறியியல் முடித்ததற்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் காரணத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அடுத்தவர் கடிதத்தைத் திறந்தால் வேலை போகும். ஆனால் அண்ணன் எழுதும் கடிதம் அவளுடைய கடிதம். அதன் மூலத்தைத் திறக்க எவன் தடுப்பான்?

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கோர்த்து வந்த கடிதம் இது: ‘அன்புள்ள தங்கைக்கு, நான் இங்கு நலமாக உள்ளேன். உணவு நன்றாக உள்ளது. அம்மாவை நன்கு கவனித்துக்கொள். இப்படிக்கு, வழிவிட்டான்.’ பிறந்ததிலிருந்து அவளை எருமை என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிடாதவன் அவன். நிலவுக்குப் போனதும் பயலுக்கு மரியாதை வந்துவிட்டது என்று அவள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருந்தாள்.

மூலத்தைத் திறந்து, இப்படிக்குக்குக் கீழே போனாள். அங்கங்கே எழுத்து கிழிந்திருந்தது; அண்ணன் பேச்சு தெரிந்தவள், விட்டதைத் தானே நிரப்பி வாசித்தாள்.

‘ஏ எருமை. இது பதினோராவது கடுதாசி. பத்துக்கும் நலம் நலம்னுதான் பதில் போடுற. கீழ பாக்கிறியா இல்லையா? இங்க எழுதுறத மேஸ்திரி முன்னால வாசிச்சுக் காட்டணும். இப்படிக்குன்னதும் முத்திரைய வச்சுட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிருவாரு. பேரு போட மூணு நிமிசம். அதுலதான் எல்லாரும் இத எழுதுறோம். நாலாம் சுரங்கத்துல துளை போடுற சூட்டுக்குக் கூரை இளகுது. தலையில தூளு கொட்டுது. கூரை அசைஞ்சா அடிக்கிற மணி ஓயாம அடிச்சுச்சு. தொந்தரவுன்னு கழட்டி வச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்க செட்டு முப்பத்திரெண்டு பேரு உள்ள போறோம். ஒத்த ஆளா மாட்டேன்னா ஒண்ணும் எடுபடல. நம்ம வீட்டாளுகளுக்கு வெவரம் தெரியும்னு கீழேருந்து ஒரு வரி வந்தாப் போதும், அத்தன பேரும் உக்காந்துருவோம். யாருக்கும் வரல. தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருக்காகன்னு சில பேரு சொல்றான். நான் இல்லங்கேன். எங்க எருமை தெருவுக்கே கடுதாசி வாசிச்சவ, இப்படிக்குக்குக் கீழ பாக்காம விடமாட்டாங்கேன்.’



எட்டு வயதிலிருந்து அவள்தான் தெருவுக்கு வாசிப்பவள். வெளிநாட்டிலிருந்து புருஷன் கடிதம் வந்ததும் பெண்கள் போனை அவளிடம் நீட்டுவார்கள். மாமியார், கொழுந்தன், அண்டை வீடு எல்லாம் சுற்றி உட்கார, அவள் உரக்க வாசிப்பாள். ‘இப்படிக்கு’ வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கூட்டம் கலையும். அதற்குக் கீழே இருப்பது பெண்டாட்டிக்கு மட்டும், காதோரம். நிஜமான சங்கதி எல்லாம் அங்கேதான் இருக்கும். கை உடைந்தது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தது, உன்னை நினைத்து அழுதது. தெரு முழுக்க அறிந்த சட்டம். அந்தத் தெருவில் வளர்ந்தவள்தான் ‘கீழே இருப்பது குப்பை’ என்று எழுதினாள். எழுதிப் பாராட்டும் வாங்கினாள்.

பதினொன்றில் ஏழு கடிதத்தின் மிச்சம் ஏற்கெனவே அழிந்திருந்தது. மணி பத்து நாற்பது.

முதலில் ஒழுங்கான வழியில்தான் போனாள். சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். நான்கே வினாடியில் பதில் வந்தது. ‘தங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. தங்கள் உறவினர் பாதுகாப்பான சூழலில் பணியாற்றுகிறார்.’ அங்கேயும் பதில் எழுதுவது கோர்ப்பான்தான். அந்த முதல் வாக்கியத்தைக் கோர்ப்பானுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

டைட்டஸ் சாரிடம் போய் நின்றாள். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வாசித்தார்.

“இது உன் கடிதம். சரி. மத்த எண்ணூறும் இப்படித்தான்னு எப்படிச் சொல்லுத?”

“எட போட்டேன் சார்.”

“எடையா?”

“எல்லாம் ஆயிரம் எழுத்து. எல்லாம் ஒரு மாசமா. எவனும் ஆயிரம் எழுத்துல பேரு போடமாட்டான்.”

“நிறுவனம் நம்ம வாடிக்கையாளர்மா. அவங்க மேஸ்திரி முத்திரை வச்சது கடிதம். அதுக்குக் கீழ உள்ளது கடிதமே இல்ல. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. நாம தபால்காரன். தபால்காரன் வாசிக்கப்படாது.”

“தபால்காரன் பாதியக் கிழிச்சிட்டும் குடுக்கப்படாது சார்.”

“சத்தம் போடாத.”

“போடுவேன். அங்க மணியக் கழட்டிட்டாங்க, இங்க வாயக் கழட்டச் சொல்றீங்களா? மூணு வருசமா நிரல் கத்தக் கூடாது, கத்தக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி, இப்ப முப்பத்திரெண்டு பேரு கத்துறது எனக்கே கேக்கல.”

அறைக்கு வெளியே நடமாட்டம் நின்றது. டைட்டஸ் சார் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு, பிரிப்பான் என்ன காட்டுது? வார்னிங்தான காட்டுது? எரரா காட்டுது? எரர்னா நான் மேல சொல்லலாம். மேல இருக்கவங்க சம்மதிக்க ரெண்டு வாரம் ஆகும். வார்னிங்குக்கெல்லாம் யாரும் எந்திரிச்சு வரமாட்டாங்க.”

இருளாயி சட்டென்று வாயை மூடினாள். அடுத்த பேச்சு அவள் வாயிலிருந்து மிக மெதுவாக வந்தது.

“அப்ப இது எரர் இல்ல.”

“இல்ல.”

“வெறும் வார்னிங்.”

“அதத்தான சொல்லுதேன்.”

“எழுதிக் குடுங்க சார். நாளைக்கு எங்க அண்ணனுக்கு ஒண்ணுன்னா, இது வெறும் வார்னிங்னு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியணும்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு விசைப்பலகையை இழுத்து, இரண்டு விரலால் தட்டினார்: ‘மிச்சம் தொடர்பான குறை, எச்சரிக்கை நிலை மட்டுமே. டைட்டஸ்.’ அனுப்பிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருளாயி நடந்து வரவில்லை, ஓடி வந்தாள்.

“பாத்தி! எரரத் திருத்துனாத்தான் ரெண்டு பேரு ஒப்புதல் சாவி போடணும். வார்னிங்கத் திருத்த ஒத்தச் சாவி போதும். எழுதி வாங்கிட்டேன்!”

“அட பாவி,” என்றாள் பாத்திமுத்து, வாயெல்லாம் பல்லாக. “நாலாம் பதிப்புக்குப் பதிலா உன் பதிப்ப ஏத்தப்போறியா? மேல ஏத்துற நேரம் ஒண்ணு நாப்பது. அதத் தவறவிட்டா நாளைக்குத்தான்.”

மணி பதினொன்று இருபது.

மாற்ற வேண்டியது ஒரே விதி. இப்படிக்குக்குக் கீழே இருப்பதை வெட்டாதே, அதைக் கடிதத்தின் உச்சியில் வை. கீழிறங்கும் கடிதத்துக்கும் மேலேறும் கடிதத்துக்கும் அதுவே. பன்னிரண்டு வரியில் எழுதி முடித்தாள். பிறகு அண்ணன் கடிதத்தை உள்ளே விட்டு, கோர்ப்பான் என்ன தருகிறது என்று பார்த்தாள்.

‘அன்புள்ள தங்கைக்கு, நாலாம் சுரங்கத்தில் கூரை நன்றாக உள்ளது. மணி நன்றாக உள்ளது.’

“என்ன புள்ள இது?” என்றாள் பாத்திமுத்து, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

இருளாயிக்குப் புரிந்தது. கிழிந்த இடத்தை ஊகிக்கக் கோர்ப்பான் பழைய கடிதங்களைப் பார்த்துத்தான் படித்திருந்தது. மூன்று வருடத்தில் அதன் கண்ணில் பட்ட கடிதமெல்லாம் நலம், நலம், நன்றாக உள்ளது. அதனால் எந்தக் கந்தலைக் கொடுத்தாலும் அதற்குத் தெரிந்த ஒரே ஒட்டு ‘நன்றாக உள்ளது’தான். இறங்கி வந்த அத்தனை நலமும் இப்படிக் கோர்த்ததுதானா? மேலே போனவையும்? அவள் எழுதிய கடிதத்தில் அவள் எழுதியது எத்தனை வரி அண்ணனுக்குப் போயிருக்கும்?

“நாசமாப் போற நல்லபுள்ள,” என்று நிரலைத் திட்டினாள். அது அவள் பெற்ற பிள்ளைதான். “ஒட்டே போடாத. கிழிஞ்சது கிழிஞ்சபடியே போகட்டும். ஓட்டை இருக்க எடத்துல புள்ளி வையி.”

ஊகிக்கும் பகுதி முழுவதையும் பிடுங்கி எறிந்தாள். எண்ணூறு வரி. அவளுக்குச் சம்பள உயர்வு வாங்கித் தந்த எண்ணூறு வரி. எடைகூடப் பார்க்கவில்லை. மீண்டும் ஓட்டினாள்.

‘ஏ எரு…. இது பதினோரா… கடுதாசி.’

“வந்துட்டான்!” என்றாள். “பாத்தி, எங்கண்ணன் வந்துட்டான்!”

பன்னிரண்டு ஐந்துக்குத் தன் சாவியைப் போட்டு, முப்பது நாள் கடிதங்களையும் புது விதியில் ஓடவிட்டாள். ஒன்றைக்கூட அவள் திறக்கவில்லை. அந்தந்தக் கடிதம் அந்தந்த வீட்டுக்குப் போனது. அதற்கு முன் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வரி அறிவிப்பு: ‘உங்களுக்கு வந்த கடிதங்கள் மீண்டும் அனுப்பப்படுகின்றன. இந்த முறை எதையும் வெட்டாமல். பதில் எழுதுவதானால் ஒன்று முப்பதுக்குள்.’

பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கமுதியில் ஒருத்தி இப்போது போனை எடுத்திருப்பாள். வாசிக்கத் தெரிந்தவர் யாரையாவது தேடிப் போயிருப்பாள். வாசிக்கிறவள் நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்த்திருப்பாள்.

பன்னிரண்டு இருபதுக்கு முதல் பதில் வந்தது. பிறகு இரண்டு. பிறகு ஏழு. பிறகு எண்ண முடியவில்லை.

அவள் போன் அடித்தது. அம்மா. பின்னால் தராசுத் தட்டு மோதும் சத்தம்.

“ஏத்தா, திருச்சுழிக்காரி ஒருத்தி போன் போட்டு அழுகிறா. சுரங்கம் இடியப்போகுதாம்ல? நம்ம பயலுக்கு எழுதிட்டியா?”

“இனிமேத்தான்மா.”

“என்னத்த எழுதப்போற?”

“நீ சொல்லு.”

அம்மா யோசிக்கவே இல்லை. “எடுத்த உசுர அவுங்க திருப்பித் தரமாட்டாங்கன்னு எழுது. உக்காரச் சொல்லு.”

எழுதினாள். இப்படிக்கு, இருளாயி என்று போட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதற்குக் கீழே விரலை நகர்த்தினாள். ‘ஏ பன்னி. பாத்துட்டேன். லேட்டுதான். வந்து என்னைய மிதி. இப்ப உக்காரு.’

ஒன்று முப்பத்தெட்டுக்குப் பாத்திமுத்துவின் திரையில் நூற்றுத் தொண்ணூற்று ஆறு கடிதங்கள் வரிசையில் நின்றன. வழக்கமாக இந்த நேரத்துக்கு இருபதைத் தாண்டாது.

“மேலதிகாரி கேட்டா என்ன சொல்லுவ?” என்றாள் இருளாயி.

“ஏத்துறது என் வேல. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கறது என் வேல இல்ல. மூணு வருசமா எனக்கு அதத்தான சொல்லிக்குடுத்தாங்க?” பாத்திமுத்து பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றேகால் வினாடியில் நிலவு.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. செய்ய ஒன்றுமில்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இருளாயிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தரைநிலையத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. காற்றுக்கணக்குக்காக, எந்தச் சுரங்கத்தில் எத்தனை பேர் உள்ளே என்று காட்டும். இரண்டு மணியிலிருந்து அவள் அதன் முன்னால் நின்றாள். சாப்பாட்டு டப்பா மூடியபடியே இருந்தது.

மூன்று ஐம்பது. நாலாம் சுரங்கம், உள்ளே: 0.

“நாலுக்குத்தான் மாறும்,” என்றாள் பாத்திமுத்து.

நான்கு. 0.

நான்கு மூன்று. எண் அசைந்தது. 1. இருளாயி பாத்திமுத்துவின் கையைப் பிடித்தாள், நகம் பதிய. 2. 3.

“யாரு? யாரு போறது?”

நான்கு ஆறு. 3. நான்கு ஏழு. 3. காலடி கேட்டது. டைட்டஸ் சார் பின்னால் வந்து நின்றார். அவரும் பலகையைத்தான் பார்த்தார்.

நான்கு ஒன்பது. 2. பிறகு 1.

0.

நான்கேகால். 0. நான்கரை. 0. ஐந்து மணிக்கும் பூஜ்யம். இருளாயி தொண்டை கிழிய ஒரு குலவை போட்டாள். நிலையத்துக் காவலாளி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலே கைதட்டினார். திரும்பிப் பார்த்தபோது டைட்டஸ் சார் அங்கே இல்லை.

திங்கட்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன.

முதலாவது, நிலவிலிருந்து. கிழிசலும் புள்ளியுமாக. உச்சியிலேயே எழுதியிருந்தது: ‘ஏ எருமை, பன்னிங்கிறியா, வந்து வச்சுக்கிறேன். மொதல்ல மேஸ்திரியும் ரெண்டு… உள்ள போயி நின்னு பாருங்க பயமில்லன்னு காட்டுனாங்க. நாங்க இருநூத்திப் பன்னெண்டு பேரும் வாசல்ல உக்காந்து அவனவன் வீட்டுக் கடுதாசிய உரக்க வாசிச்சோம். அவுங்களே வெளிய வந்துட்… கழட்டி வச்ச மணிய மறுபடி மாட்டியாச்சு. மாட்டுன நிமிசத்துலருந்து அடிச்சுக்கிட்டே கெடக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு.’

இரண்டாவது, அலுவலகத்திலிருந்து. எழுத்துக்கு எழுத்து இஸ்திரி போட்டது. ‘தங்கள் சேவைக்கு நன்றி. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை மீறியமையால் தங்கள் பணி இன்றுடன் முடிவுக்கு வருகிறது. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். இப்படிக்கு, ச. டைட்டஸ், மேலாளர்.’

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மேஜை இழுப்பறையை டமாரென்று சாத்தினாள். போனைப் பைக்குள் போடப் போனவள், நின்றாள். விரலை மெதுவாகக் கீழே நகர்த்தினாள். வெள்ளை. இன்னும் வெள்ளை. இன்னும் கீழே:

‘ஏம்மா, வார்னிங்கத் திருத்த ஒத்தச் சாவி போதும்ங்கிற விதிய எழுதினதே நான்தான். நீ எழுதிக் குடுங்கன்னு கேட்டப்ப எதுக்குக் கேக்கன்னு தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தேன். வாயத் தெறந்து சொல்ல எனக்குத் தெம்பில்ல, ரெண்டு பிள்ளைங்க படிக்குது. உன் விதிய எடுக்கச் சொல்லி இன்னைக்கு உத்தரவு வந்துச்சு. எடுக்குறத எரர் திருத்தம்னு பதிஞ்சுட்டேன், அதுக்கு ரெண்டு சாவி வேணும், ரெண்டாவது சாவி என்கிட்டதான் இருக்கு, ஆனா அது தொலைஞ்சு போச்சுன்னு எழுதி அனுப்பிட்டேன்.’

இருளாயி அதை மூன்று முறை வாசித்தாள். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வெயிலில் உப்பு பாத்தி பாத்தியாக வெளுத்துக் கிடந்தது. நின்ற இடத்திலேயே பதில் தட்டினாள்.

‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. இப்படிக்கு, இருளாயி.’

அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி எழுதினாள். அதில் ஒன்று வசவு. மற்ற இரண்டும் டைட்டஸ் சாருக்கு மட்டும். உரக்க வாசிக்கக் கூடாது, அது அவள் தெருச் சட்டம்.